ஐந்து நிமிடப் படம், எட்டு வாரப் பாடம்

சிறார் திரைப்பட விழாவுக்காக நம் பள்ளிகளில் படம் திரையிடத் தொடங்கிய பிறகு, மாணவர்களிடமிருந்து தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு: “டீச்சர், நாமளும் ஒரு படம் எடுக்கலாமா?” எடுக்கலாம். கைப்பேசி இருக்கிறது, கதை சொல்லும் ஆர்வமும் இருக்கிறது. ஆனால் கைப்பேசியைக் கையில் கொடுத்து, “எடுங்கள்” என்று சொல்லிவிட்டால் நமக்குக் கிடைப்பது தொலைக்காட்சித் தொடரின் நகலாகத்தான் இருக்கும். எந்தத் திறனை எந்த வரிசையில் கற்றுத் தருவது என்பதை முன்கூட்டியே திட்டமிட்டால், அதே கைப்பேசி மொழிப்பாடத்துக்கும் வாழ்க்கைப் பாடத்துக்கும் நல்ல கருவியாகிறது.

திண்டுக்கல் மாவட்டத்தில் பூ விளையும் பகுதியில் உள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாகப் பணிபுரிகிறேன். ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் 34 பேருடன் எட்டு வாரங்கள், வெள்ளிக்கிழமைகளின் கடைசி இரண்டு பாடவேளைகளில் இதைச் செய்தோம். படப்பிடிப்புக்கு மட்டும் இரண்டு சனிக்கிழமைகள் கூடுதலாகத் தேவைப்பட்டன. கடைசியில் கிடைத்தது ஐந்து நிமிடக் குறும்படம். அந்த எட்டு வாரங்களில் நடந்ததை, மற்ற ஆசிரியர்களும் தம் வகுப்புக்கேற்ப மாற்றிப் பயன்படுத்தும் வகையில் இங்கே தருகிறேன்.

முதல் வாரம்: அசையாமல் பார்த்தல்

முதல் நாள் ஆறு குழுக்களையும் ஆளுக்கொரு கதை எழுதச் சொன்னேன். நான்கு கதைகளில் யாராவது இறந்துபோனார்கள். மூன்றில் குடிகாரத் தந்தை வந்தார். மாணவர்கள் பார்த்த படங்கள் அப்படி. கதைகளைக் குறை சொல்லாமல் ஓர் உறையில் போட்டு ஒட்டி, “ஐந்தாம் வாரம் பிரிப்போம்” என்று மேசை இழுப்பறையில் வைத்தேன்.

பிறகு, சினிமா எப்படித் தொடங்கியது என்பதைச் சொன்னேன். 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸ் நகரில் லூமியர் சகோதரர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு பத்துச் சிறு படங்களைத் திரையிட்டார்கள். ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. தொழிற்சாலையிலிருந்து தொழிலாளர்கள் வெளியே வருவது, குழந்தைக்கு உணவு ஊட்டுவது போன்ற எளிய காட்சிகள். கேமரா ஓரிடத்தில் நிற்கும். எதிரே உலகம் நடக்கும். பிரான்ஸில் 1995 முதல் நடந்துவரும் பள்ளித் திரைப்படக் கல்வித் திட்டம் ஒன்றில் இதையே ‘லூமியர் நிமிடம்’ என்ற பயிற்சியாக மாணவர்களுக்குத் தருகிறார்கள்.

எங்கள் வகுப்பில் வைத்துக்கொண்ட விதிகள் இவை:

• கைப்பேசி இரண்டு செங்கல்களுக்கு நடுவில், கிடைமட்டமாக இருக்க வேண்டும்.
• ஒரு நிமிடம் யாரும் அதைத் தொடக்கூடாது. நகர்த்துவதோ பெரிதாக்கிக் காட்டுவதோ கூடாது.
• யாரையும் நடிக்கச் சொல்லக்கூடாது.
• எங்கே வைப்பது, எப்போது தொடங்குவது இரண்டையும் குழு பேசி முடிவு செய்ய வேண்டும்.

ஒரு குழு குடிநீர்க் குழாயை எடுத்தது. ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் மூன்று முறை குழாயருகே வந்து, பெரிய மாணவர்களைப் பார்த்துவிட்டு, மூன்று முறையும் பின்வாங்கி நின்றான். எடுக்கும்போது யாருக்கும் அது தெரியவில்லை. திரையில் பார்த்தபோதுதான் தெரிந்தது. “தினமும் இப்படித்தான் நடக்குதா?” என்று ஒரு மாணவி கேட்டாள்.

வீட்டுப்பாடமாக, பார்த்ததை ஐந்து வாக்கியங்களில் எழுதச் சொன்னேன். ‘பாவம்’, ‘சோகமாக’, ‘மகிழ்ச்சியாக’ போன்ற சொற்களுக்குத் தடை. கண்ணால் பார்த்ததை மட்டுமே எழுத வேண்டும். “அவன் பாவமாக நின்றான்” என்று எழுத முடியாதவர்கள், “அவன் பாட்டில் மூடியைத் திறந்து திறந்து மூடினான்” என்று எழுதினார்கள். கட்டுரைப் பயிற்சியில் பல நாள் சொல்லியும் வராத ஒன்று இந்த ஒரு தடையில் வந்தது.

இரண்டாம் வாரம்: தூரமும் பக்கமும்

பழைய அட்டைப்பெட்டியில் 16 செ.மீ. அகலம், 9 செ.மீ. உயரம் உள்ள சன்னல் வெட்டிக்கொண்டோம். கைப்பேசியில் எடுக்கும் காணொளியின் வழக்கமான விகிதமும் இதுதான். அட்டையைக் கண்ணுக்கு அருகே பிடித்தால் விரிந்த காட்சி தெரியும். கையை நீட்டிப் பிடித்தால் ஒரு பகுதி மட்டும் தெரியும். லாங் ஷாட், மிட் ஷாட், குளோசப் மூன்றையும் கைப்பேசி இல்லாமலேயே புரிய வைத்துவிடலாம்.

அடுத்து, நிலக்கடலை உரித்துத் தின்பதை ஐந்தே நிழற்படங்களில் சொல்ல வேண்டும். நிபந்தனை ஒன்றுதான்: ஒவ்வொரு படமும் முந்தைய படம் சொல்லாத எதையாவது சொல்ல வேண்டும். ஒரே கையை ஐந்து முறை எடுத்த குழு, தானே சிரித்துக்கொண்டு மறுபடி எடுத்தது.

இருவர் பேசும் காட்சிக்கு இன்னொரு விதி வேண்டும். எதிரெதிரே நிற்கும் இருவருக்கும் நடுவே தரையில் சாக்பீஸால் நேர்கோடு போட்டோம். கோட்டின் ஒரே பக்கத்திலிருந்து எடுத்தால் இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பது போலத் தெரியும். கோட்டைத் தாண்டி மறுபக்கம் போய் எடுத்து ஒட்டினால், இருவரும் ஒரே திசையைப் பார்ப்பது போலாகிவிடும். இரண்டையும் எடுத்துக் காட்டினால் விளக்கமே தேவையில்லை.

மூன்றாம் வாரம்: ஒட்டினால் பொருள் மாறும்

ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ் சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன்பு செய்த சோதனை புகழ்பெற்றது. உணர்ச்சி எதுவும் காட்டாத ஒரு நடிகரின் முகத்தை ஒரு கிண்ணம் சூப்புடனும், சவப்பெட்டியில் இருக்கும் சிறுமியுடனும், ஒரு பெண்ணுடனும் மாற்றி மாற்றி ஒட்டினார். முகம் ஒன்றேதான் என்றாலும், பார்த்தவர்கள் அதில் பசியையும் துயரத்தையும் ஆசையையும் கண்டார்கள்.

இதை வகுப்பில் செய்ய இருபது நிமிடம் போதும். ஒரு மாணவன் சும்மா உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதை ஐந்து விநாடி எடுத்தோம். அடுத்து காலி டிபன் பாக்ஸ், காற்று இறங்கிய சைக்கிள் சக்கரம், தேர்வு அறையின் மூடிய கதவு ஆகியவற்றைத் தனித்தனியே எடுத்து அவன் முகத்தோடு ஒட்டினோம். பக்கத்து வகுப்பு மாணவர்களை அழைத்துக் காட்டினோம். “பசியில இருக்கான்”, “வீட்ல திட்டுவாங்கன்னு பயப்படுறான்”, “படிக்காம வந்துட்டான்” என்றார்கள். அவன் எழுந்து, “நான் ஒண்ணுமே நினைக்கல!” என்றான். வகுப்பே கைதட்டியது.

இதில் இரண்டு பயன்கள். நடிக்கத் தெரியாதவர்களும் படத்தில் இருக்கலாம் என்ற தைரியம் ஒன்று. கைப்பேசியில் வரும் காணொளிகளை அப்படியே நம்பிவிடக் கூடாது என்ற எச்சரிக்கை மற்றொன்று. உண்மையான இரண்டு காட்சிகளை ஒட்டியே ஒரு பொய்யைச் சொல்ல முடியும் என்பதை அவர்கள் தம் கையாலேயே செய்து பார்த்துவிட்டார்கள்.

நான்காம் வாரம்: யாருடைய கதை?

கதை தேடும்போது ஒரு மாணவன், “நம்ம கிளாஸ்ல ஒருத்தி தினமும் லேட்டா வர்றாளே, அதை எடுக்கலாம்” என்றான். சிலர் சிரித்தார்கள். அவள் தலை நிமிரவில்லை. அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்தி வேறு கதைகளைப் பேசவைத்தேன். மாலையில் அவளைத் தனியே சந்தித்து, விருப்பமில்லை என்றால் இந்தப் பேச்சு இனி வராது என்று சொன்னேன்.

மூன்று நாள் கழித்து அவளே வந்தாள். “எடுக்கட்டும் டீச்சர். ஆனா என் முகம் வரக்கூடாது. எங்க வீட்டுக்கு உள்ள வரக்கூடாது.”

அவளுடைய அம்மா விடிவதற்கு முன்பே மல்லிகை பறிக்கப் போய்விடுவார். அரும்பு விரிவதற்குள் பறித்துச் சந்தைக்கு அனுப்பியாக வேண்டும். தண்ணீர் பிடிப்பதும், தம்பியை எழுப்பிக் கிளப்புவதும், அங்கன்வாடி திறந்த பிறகு அவனை விட்டுவிட்டு ஓடி வருவதும் அவள் வேலை. எங்கள் பள்ளி மணி ஒன்பதே காலுக்கு அடிக்கும்.

இரண்டு நிபந்தனைகளையும் அவள் சம்மதத்தோடு வகுப்பின் முன் வைத்தேன். கதாநாயகியின் முகம் இல்லாமல் படமா? அவளுக்குப் பதில் வேறு மாணவி நடிக்கலாம் என்று ஒருவர் சொன்னார். அதை அவளே மறுத்தாள்: “அவளுக்கு என் தம்பியைத் தூக்கத் தெரியாது.” விவாதம் ஒரு பாடவேளை முழுவதும் நீண்டது. இரண்டாம் வாரப் பயிற்சிதான் வழிகாட்டியது. கை, கால், நிழல், முதுகு, குடம் ஆகியவற்றை மட்டும் வைத்தே முழுக் கதையையும் சொல்லலாம் என்று முடிவானது.

அன்று ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியாரோஸ்தமி 1975இல் எடுத்த ‘ஒரு சிக்கலுக்கு இரண்டு தீர்வுகள்’ படத்தைப் பார்த்தோம். ஐந்து நிமிடம்தான் ஓடும். இரவல் வாங்கிய நோட்டுப் புத்தகம் கிழிந்து திரும்பி வருவதால் இரண்டு சிறுவர்களுக்குள் வரும் சண்டைதான் கதை. பழிக்குப் பழி என்று போனால் என்ன ஆகும், பசை போட்டு ஒட்டினால் என்ன ஆகும் என்று இரண்டு முடிவுகள். சிறிய கதையே போதும் என்று மாணவர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

ஒரு குழந்தையின் வாழ்க்கையைப் படமாக்கும் முன் நாங்கள் செய்தவை: மாணவியின் ஒப்புதல், அவள் தாயின் எழுத்து வழி ஒப்புதல், தலைமையாசிரியரின் அனுமதி, தம்பி படிக்கும் அங்கன்வாடியின் அனுமதி. படத்தைச் சமூக ஊடகங்களில் பதிவேற்ற மாட்டோம் என்றும், முதலில் பார்ப்பவள் அவள்தான் என்றும், அவள் வேண்டாம் என்று சொல்லும் எந்தக் காட்சியும் நீக்கப்படும் என்றும் எழுதி வகுப்பில் ஒட்டினோம்.

ஐந்தாம் வாரம்: தாளில் ஒரு படம்

முதல் வார உறையைப் பிரித்தோம். தங்கள் கதைகளைத் தாங்களே படித்துவிட்டு, “இது எங்கயோ பாத்தது” என்றார்கள்.

பிறகு புதிய கதையை 27 அரைத்தாள்களில் வரைந்தோம். ஒரு தாளுக்கு ஒரு ஷாட். மேலே படம், கீழே என்ன நடக்கிறது, என்ன கேட்கிறது என்று இரண்டே வரிகள். சத்யஜித் ரேயும் ‘பதேர் பாஞ்சாலி’ படத்தை முதலில் ஓவியங்களாகத்தான் வரைந்து வைத்தார் என்று சொன்னதும், வரையத் தெரியாது என்றவர்களும் குச்சி மனிதர்களை வரையத் தொடங்கினார்கள்.

பொறுப்புகள்: இயக்கம், ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, தொடர்ச்சிப் பதிவேடு, நேரக் கணக்கு, அனுமதியும் பாதுகாப்பும். குழுக்கள் சுழற்சி முறையில் பொறுப்பு மாற வேண்டும். இல்லையென்றால் நன்றாகப் பேசும் நான்கு பேரே எல்லாவற்றையும் செய்துவிடுவார்கள்.

வாசிப்பில் தடுமாறும் ஒரு மாணவன் ஒலிப்பதிவில் சேர்ந்தான். காலைநேரத்தில் தெருவில் கேட்கும் ஒலிகளைப் பட்டியல் போட்டு வரச் சொன்னேன். இரண்டு பக்கம் எழுதி வந்தான். “காலிக் கொடம் டங்குனு சத்தம் போடும். நெறஞ்ச கொடம் சத்தம் போடாது” என்பது அதில் ஒரு வரி. அந்த ஆண்டில் அவன் தானாக எழுதியவற்றில் அதுவே நீளமானது. அம்மா இருட்டில் கிளம்புவதை எப்படி எடுப்பது என்று எல்லோரும் குழம்பியபோது, “படம் வேணாம். கறுப்பாவே இருக்கட்டும். தாழ்ப்பாள் சத்தமும் செருப்புச் சத்தமும் போதும்” என்று வழி சொன்னவனும் அவன்தான்.

ஆறாம் வாரம்: படப்பிடிப்பு

செலவில்லாமல் செய்யக்கூடிய சில ஏற்பாடுகள்:

• கைப்பேசியை விமானப் பயன்முறையில் போட்டுவிட்டால் நடுவில் அழைப்பு வராது. முழு எச்.டி.யில் ஒரு நிமிடக் காட்சி ஏறக்குறைய 100 முதல் 150 எம்.பி. வரை இடம் பிடிக்கும். முன்னதாகவே நினைவகத்தைக் காலி செய்துகொள்ள வேண்டும்.
• துணிப்பையில் மணல் நிரப்பிக் கட்டினால் கைப்பேசியை எந்தக் கோணத்திலும் சாய்த்து வைக்கலாம்.
• நடந்துகொண்டே எடுக்க வேண்டிய காட்சிக்கு, எடுப்பவரைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து மற்றொருவர் மெதுவாகத் தள்ளலாம்.
• ஒவ்வொரு ஷாட்டிலும் செயல் தொடங்குவதற்கு முன்பு ஐந்து விநாடியும், முடிந்த பிறகு ஐந்து விநாடியும் கூடுதலாக எடுக்க வேண்டும். ஒட்டும்போது அது உதவும்.
• ஒலிக்கு இன்னொரு கைப்பேசி. பேசுபவருக்கு ஒரு கை தூரத்தில், காற்று படாதபடி மெல்லிய துணி சுற்றி வைக்க வேண்டும்.

தொடர்ச்சிப் பதிவேட்டின் தேவையை விளக்க மறுபடியும் ரேயின் படம் உதவியது. ‘பதேர் பாஞ்சாலி’ படப்பிடிப்பை 1952இல் வெண்ணிற நாணல் பூக்கள் நிறைந்த வெளியில் தொடங்கினார்கள். சில நாள் கழித்து மறுபடி போனபோது பூக்களை மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. அடுத்த பூப்பருவம் வரை காத்திருந்துதான் காட்சியை முடித்தார்கள். எங்கள் பதிவேட்டில், குடம் எந்த இடுப்பில், தம்பியின் சட்டை என்ன நிறம், நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்றெல்லாம் எழுதப்பட்டன.

கடைசி ஷாட், வகுப்பறை வாசல். கேமரா அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து வகுப்பைப் பார்க்கிறது. தாமதமாக வந்து நிற்பவளை எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரிக்க வேண்டும். தினமும் நடப்பதை நடிக்க வேண்டியதுதானே என்று எளிதாக நினைத்தார்கள். ஏழு முறை எடுத்தும் யாராலும் சிரிக்க முடியவில்லை. “அப்படியே விட்டுடலாம்” என்றாள் அந்த வாரம் இயக்குநராக இருந்த மாணவி. சிரிப்பில்லாத அந்த முகங்களே படத்தின் முடிவாயின.

ஏழாம் வாரம்: எதை விடுவது

எடுத்தது 52 நிமிடம். வேண்டியது ஐந்து நிமிடம். ஓபன்ஷாட் என்ற கட்டணமில்லா மென்பொருளை மடிக்கணினியில் பயன்படுத்தினோம். அசல் காட்சிகளை இரண்டு இடங்களில் நகலெடுத்து வைத்த பிறகே வெட்டத் தொடங்கினோம்.

சோகமான திரையிசையைப் பின்னணியில் சேர்க்க வேண்டும் என்று பாதிப் பேர் கேட்டார்கள். பிறர் இசையை அனுமதியின்றிப் பயன்படுத்தக் கூடாது என்பதைச் சொன்னேன். கூடவே, வகுப்புக்குள் மட்டும் ஒப்பிட்டுப் பார்க்க, ஒரு மாணவியை மெல்லிய சோக மெட்டு ஒன்றை முணுமுணுக்கச் சொல்லி, மெட்டோடு ஒரு முறையும் மெட்டில்லாமல் ஒரு முறையும் பார்த்தோம். மெட்டு இருந்தபோது குடத்தின் சத்தத்தை யாரும் கேட்கவில்லை. வாக்கெடுப்பில் குடம் வென்றது.

ஒப்பந்தப்படி முதலில் பார்த்தவள் அவள்தான். ஒரு காட்சியை நீக்கச் சொன்னாள். அங்கன்வாடி வாசலில் தம்பி அழும் காட்சி அது. படத்திலேயே சிறந்த ஷாட் அதுதான் என்று ஒளிப்பதிவு செய்த மாணவன் வாதாடினான். “அவன் அழுறதை எல்லாரும் பாக்க வேணாம்” என்றாள். எழுதி ஒட்டிய தாளை ஒருவன் சுட்டிக்காட்டினான். காட்சி நீங்கியது. அந்த இடத்தில், சின்ன விரல்கள் பிடித்திருக்கும் அவள் கை மெல்ல விடுபடும் நான்கு விநாடி ஷாட் வந்தது. அதை எடுத்தவனும் அதே மாணவன்தான்.

எட்டாம் வாரம்: திரையிடலும் மதிப்பீடும்

பள்ளித் திறன்மிகு வகுப்பறையில் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் திரையிட்டோம். முடிந்ததும் “நல்லா இருக்கா?” என்று கேட்காமல் மூன்று கேள்விகள் கேட்டோம்: எதைப் பார்த்தீர்கள்? எதைக் கேட்டீர்கள்? எது காட்டப்படவில்லை? மூன்றாவது கேள்விக்கு ஒரு தாய், “அந்தப் புள்ள எப்ப சாப்பிட்டுச்சுன்னு காட்டலியே” என்றார். அது எங்கள் யாருக்கும் தோன்றாத கேள்வி.

படம் அவளுடைய காலைப்பொழுதை மாற்றிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அவள் அம்மா இன்னும் விடியுமுன்பே பூப்பறிக்கப் போகிறார். ஆனால் அதே தெருவில் வசிக்கும் இரண்டு மாணவிகள் முறை வைத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்க உதவுகிறார்கள். வாரத்தில் மூன்று நாள் மணி அடிக்கும் முன்பே வந்துவிடுகிறாள். வராத நாளில் வகுப்பு திரும்பிப் பார்ப்பதில்லை. பக்கத்தில் இருப்பவள் பாடப்பக்கத்தைச் சொல்லிக் கொடுக்கிறாள்.

மதிப்பீட்டுக்கு 20 மதிப்பெண்கள்: உற்றுநோக்கி எழுதியதற்கு 5, தாள்களில் வரைந்த திட்டத்துக்கு 5, ஏற்ற பொறுப்பையும் குழுப் பணியையும் செய்ததற்கு 5, “நான் எடுத்த ஒரு முடிவும் அதன் காரணமும்” என்ற ஒரு பக்கக் குறிப்புக்கு 5. படம் அழகாக வந்ததா என்பதற்கு மதிப்பெண் இல்லை. நல்ல கைப்பேசி வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைக்குக் கூடுதல் மதிப்பெண் போய்விடாமல் இருக்க இது அவசியம்.

பிற வகுப்புகளுக்கும் பாடங்களுக்கும்

தொடக்க வகுப்புகளில் படத்தொகுப்பு தேவையில்லை. எட்டு நிழற்படங்களை வரிசையாக வைத்து, குழந்தைகளின் குரலில் கதை சொல்லவைத்தாலே போதும். அறிவியல் ஆசிரியர், பயறு முளைப்பதை ஒரே இடத்திலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒரு படமாக எடுத்து ஒட்டலாம். கணக்குப் பாடத்தில், விநாடிக்கு 30 படங்கள் வீதம் ஐந்து நிமிடத்துக்கு 9,000 படங்கள் என்று கணக்கிடலாம். 16:9 விகிதத்தை அளந்து பார்க்கலாம். சமூக அறிவியலில் ஊரின் ஒரு தொழிலை லூமியர் நிமிடங்களாகத் தொகுக்கலாம்.

எட்டு வாரம் ஒதுக்க இயலாதவர்கள் முதல் வாரப் பயிற்சியை மட்டுமாவது செய்து பாருங்கள். ஒரு கைப்பேசி, இரண்டு செங்கல், ஒரு பாடவேளை போதும். எடுத்த நிமிடத்தை வகுப்பில் இரண்டு முறை ஓடவிடுங்கள். முதல் முறை எதையும் சொல்ல வேண்டாம். இரண்டாம் முறை ஓடும்போது, முன்பு கவனிக்காத ஒன்றை மாணவர்களே சுட்டிக்காட்டுவார்கள். அதை அவர்களை எழுதச் சொல்லுங்கள். அடுத்த வாரப் பாடத்தை அதிலிருந்தே தொடங்கலாம்.